அனலைதீவு போன மாதத்தில் இருந்த காலம்

போன கிழமை, நான் முன்பு வேலை செய்த இடத்திலிருந்து ஒரு அறிவித்தல் வந்தது. "இனிமேல் தன்னார்வலர்களுக்கு இரவுப் பதிப்பு வழங்கப்படமாட்டாது. பரிசோதனைகளை இயந்திரமே செய்துகொள்ளும். இதுவரை ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி." கடைசியில் ஒரு பச்சை இலைப் படம்.

அந்த இலையைக் கண்டதும் எனக்குக் கோபம் ஏறிவிட்டது. கையில் இருந்த தேத்தண்ணியை மேசையில் வைப்பதாக நினைத்துக் காற்றில் வைத்தேன். கோப்பை போனது போகட்டும். என்னோடு வேலை செய்த பிள்ளைகள் எழுதிக் கேட்டார்கள்: "அண்ணை, நீங்கள்தானே இதைத் தொடக்கினது. ஒண்டும் சொல்லேல்லையோ?"

சொல்கிறேன். ஓய்வு பெற்ற ஆளுக்கு ஒரு வசதி இருக்கிறது. அவனுடைய ஒலிவாங்கியை யாரும் அணைக்க ஏலாது. அந்தக் கதையும் வரும்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த விதம் சுருக்கமானது. யாழ்ப்பாணத்தில் ஜெனரேற்றர் இரைச்சலுக்குள் ஒரு கணினி வகுப்பு. பிறகு வெள்ளவத்தையில் ஒரு அறை, கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. மற்றவர்கள் கட்டினார்கள், நான் உடைத்தேன். அடையாள அட்டையில் 'பரிசோதகர்' என்று போட்டிருந்தார்கள். சின்ன வயதில் வானொலிப் பெட்டியைக் கழற்றி அப்புவிடம் அடி வாங்கிய அதே வேலைக்குச் சம்பளம் தந்தார்கள். எங்கள் தீவில், என் ஊரான இறுப்பிட்டிக்கு இணையம் ஓரளவு ஒழுங்காக வரத் தொடங்கியதும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்து, வீட்டிலிருந்தபடியே 'கரைமணி'க்கு வேலை செய்யத் தொடங்கினேன்.

கரைமணி சின்னப் படகுக்காரருக்கான ஒரு கைபேசிச் செயலி. கடலுக்குப் போகிறவர் எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று அதில் போட்டுவிட்டுப் போவார். வந்ததும் 'கரை' என்ற பொத்தானை அமத்துவார். சொன்ன நேரத்துக்கு அமத்தாவிட்டால் வீட்டில் இருப்பவரின் கைபேசியில் மணி அடிக்கும். நடுக்கடலில் ஏதும் நடந்தால் 'உதவி' என்று இன்னொரு பொத்தான். அவ்வளவுதான். மூலநிரல் திறந்தது. யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பாவிக்கலாம். பல நாடுகளில் இருந்து ஆட்கள் ஓய்வு நேரத்தில் எழுதினார்கள்.

அவர்கள் பகல் முழுக்க நிரலில் செய்கிற மாற்றங்களை எல்லாம் இரவில் ஒரு கணினி தானே கூட்டி அள்ளி, முழுச் செயலியாகச் சுட்டு வைக்கும். அதுதான் இரவுப் பதிப்பு. விடிய அதை எடுத்துப் பாவித்து உடைந்த இடத்தைச் சொன்னால், நேற்று யார் எதைத் தொட்டதால் உடைந்தது என்று உடனே பிடிக்கலாம். ஆறு மாதம் கழித்துச் சொன்னால் சாத்திரம்தான் கேட்க வேண்டும்.

பக்கத்துத் தீவான அனலைதீவில் எனக்கு ஒரு தன்னார்வலர் கூட்டம் இருந்தது. அதற்குத் தலைவி ஜெயம் அக்கா. அவவின் மனுசன் கனகு அண்ணை நண்டு வலைக்குப் போகிறவர். அவர் படகில் சோதிப்பார், அக்கா கரையில் சோதிப்பா. இரவுப் பதிப்புக்கு அவர்கள் வைத்த பெயர் பாண். பேக்கரிப் பாண் மாதிரி இரவு சுட்டு விடிய வருகிறதல்லவா. "தம்பி, இண்டையான் பாண் வந்திட்டுதோ? நேத்தையான் கொஞ்சம் வேகேல்லை" என்று அக்காவின் குரல்பதிவு காலையில் வரும். தீவில் சிக்னல் மோசம் என்பதால் ஒருவர் வள்ளம் ஏறும் ஊர்காவற்றுறையில் வைத்து இறக்குவார். வள்ளம் அனலைதீவுக் கரை தட்ட முதல் அது கைபேசிக்குக் கைபேசி எல்லோரிடமும் போய்விடும்.

பாண் மாதிரியே அதுக்கும் ஆயுள் ஒரு கிழமைதான். அதற்குப் பிறகு 'பழசாகிவிட்டது, புதியதை இறக்கவும்' என்று எழுதிவிட்டு மூடிக்கொள்ளும். பழைய பதிப்பில் இருக்கும் பழுதைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல் இருப்பதற்காக வைத்த விதி. நல்ல விதி. கடலில் இதை நம்பிப் போங்கோ என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் தமிழில் இருந்தது இரவுப் பதிப்பு மட்டும்தான். முறையான வெளியீட்டில் தமிழ் 'அடுத்த தடவை' வரும் என்று ஒவ்வொரு தடவையும் சொன்னார்கள்.

தன்னார்வலர் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒருநாள் கனகு அண்ணை கடலில் நிற்கும்போதே அவருடைய படகு 'கரை சேர்ந்தது' என்று பதிவாகியது. நான் நிரலை எல்லாம் கிண்டினேன், ஒன்றும் பிடிபடவில்லை. அவரைக் கேட்டேன்.

"அண்ணை, பொத்தானை அமத்தினனீங்களோ?"

"இல்லையடாப்பா. ஈரக் கையாலை போனைத் தூக்கிப் பெட்டிக்கை வைச்சனான். தண்ணி சொட்டினது."

தண்ணீர்த்துளி திரையில் வழிந்து பொத்தானை அமத்தியிருக்கிறது. அதற்குப் பிறகுதான் பொத்தானை ஒரு பக்கமாக இழுக்க வேண்டும் என்று மாற்றினோம். இயந்திரமே சோதிக்குமாம். இயந்திரத்துக்குக் கை ஈரமாகுமோ?

இனி எங்கள் மேலாளரைப் பற்றி. பெயர் நிர்மலன். கொழும்பில் பிறந்தவர், இப்போது குளிர் நாடொன்றில் இருக்கிறார். வாழ்க்கையில் ஒருதடவை கூடச் சத்தம் போட்டுக் கதைத்ததில்லை. முன்னாலிருப்பவன் கத்தக் கத்த அவர் குரல் இன்னும் இறங்கும். கடைசியில் கத்துகிறவன் விசரன் மாதிரித் தெரிவான். எந்த முறைப்பாட்டையும் அவர் மறுக்கவே மாட்டார். "மிக நல்ல அவதானிப்பு. குறித்துக்கொள்கிறேன்" என்பார். பிறகு போய் அதை மூடிவிடுவார். மூடிய முறைப்பாட்டின் கீழே ஒரு பச்சை இலை.

அப்படி மூடியதில் ஒன்றுதான் எழுத்து. யாரோ ஒரு வடிவமைப்பாளர் செயலியின் கறுப்பு எழுத்தை எல்லாம் இளஞ்சாம்பல் ஆக்கினார். நாகரிகமாக இருந்ததாம். மறுநாள் அக்காவின் குரல்பதிவு, பின்னால் காற்றிரைச்சலோடு:

"தம்பி, வெயிலுக்கை ஒரு எழுத்தும் தெரியேல்லை. மனுசன் போட்டிலை நிண்டு துவாயாலை தலையை மூடிக்கொண்டெல்லே போனைப் பாக்கிறார். தூரத்திலை நிண்டு பாக்கிறவை ஆள் குலுங்கிக் குலுங்கி அழுகிறார் எண்டு நினைக்கினம்."

குரல்பதிவு முறைப்பாடு ஆகாது என்பது நிர்மலனின் விதி. ஆங்கிலத்தில் எழுத வேண்டும். எந்தப் பதிப்பு, எந்தக் கைபேசி, என்ன செய்தீர், என்ன எதிர்பார்த்தீர், என்ன நடந்தது. நான் உட்கார்ந்து மொழிபெயர்த்துப் போட்டேன். 'பயனர் விருப்பம், பழுது அன்று' என்று எழுதி மூடினார். இலை. திறந்தேன். மூடினார். இலை. மத்தியானம் கடலில் நிற்கும் படத்தோடு திரும்பப் போட்டேன். "அழகான படம்" என்று எழுதி மூடினார். அந்தத் தடவை இரண்டு இலை.

அதன் பிறகு அனலைதீவில் இருந்து எழுத்தைப் பற்றிக் குரல்பதிவு வருவது நின்றுவிட்டது. பழகிவிட்டார்கள் என்று நினைத்தேன். அவர்கள் சும்மா இருக்கிற ஆட்களோ?

ஒரு காலை பல்லுத் தீட்டிக்கொண்டு கணினியைத் திறந்தேன். எந்தப் படகு எங்கே என்று காட்டுகிற பக்கம் முழுக்கச் சிவப்பு. அனலைதீவுப் படகு ஒன்றும் மிச்சமில்லை. எல்லாம் 'திரும்பவில்லை'. அதுவும் இன்றைக்கு நேற்றல்ல, ஒரு மாதமாகத் திரும்பவில்லை.

ஒரு மாதமாக ஒரு தீவே திரும்பாமல் இருந்தால் ஊருக்குத் தெரியாதா என்று மூளை உள்ள ஆள் யோசிப்பான். நான் யோசிக்கவில்லை. அக்காவுக்குப் போன் எடுத்தேன், அவ தூக்கவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வாயில் பற்பசை நுரையோடு, மோட்டார்சைக்கிளில் ஏறி எங்கள் தீவின் துறையான குறிகட்டுவானுக்குப் பறந்தேன். இறங்குதுறையில் நின்ற நெடுந்தீவு வள்ளத்துக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்தேன்.

"நிப்பாட்டுங்கோ! அனலைதீவு போட் எல்லாம் காணேல்லை! போய்த் தேட வேணும்!"

தேத்தண்ணிக் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அண்ணை, முதல் வாயைக் கொப்புளியுங்கோ. இது குறிகட்டுவான். அனலைதீவுக்கு வள்ளம் வெளிக்கிடுறது ஊர்காவற்றுறையிலை."

இந்தத் தீவில் பிறந்து வளர்ந்தவன் நான்.

"வந்ததுதான் வந்தியள், நயினாதீவுக்குப் போய் அம்மனைக் கும்பிட்டிட்டு வாங்கோவன்" என்றார். வள்ளத்தில் இருந்த சனம் எல்லாம் சிரித்தது. அந்த நேரம் கைபேசி அடித்தது. ஜெயம் அக்கா.

"என்ன தம்பி, எடுத்தனீரோ? கிணத்தடியிலை நிண்டனான்."

"அக்கா, கனகு அண்ணை எங்கை?"

"உதிலை இருந்து இடியப்பம் சாப்பிடுறார். ஏன்?"

கதை என்னவென்றால், கறுப்பு எழுத்து இருந்த கடைசிப் பாணை அவர்கள் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார்கள். அது ஒரு கிழமையில் மூடிக்கொள்ளுமே? அதுக்கும் வழி கண்டுபிடித்தார்கள். கைபேசியின் திகதியை ஒரு மாதம் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். செயலி தன்னைப் புதுப் பாண் என்று நினைத்துக்கொண்டு வேலை செய்தது. இந்த வித்தையும் வள்ளத்தில் கைமாறி, தீவில் செயலி வைத்திருந்த அத்தனை பேரும் போன மாதத்தில் குடியேறிவிட்டார்கள். அங்கிருந்து 'காலை பத்து மணிக்கு வருவேன்' என்று போட்டால் எங்கள் பக்கத்துக் கணினிக்கு அது போன மாதத்துப் பத்து மணி. உடனே சிவப்பு. வீட்டுக் கைபேசிகளும் போன மாதத்திலேயே இருந்ததால் அங்கே மணி ஒழுங்காக வேலை செய்தது, குழம்பியது எங்கள் பக்கம் மட்டும்தான்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அழுதுமிருப்பேன், முகத்தில் நுரை காய்ந்திருந்ததால் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து நிர்மலனுக்கு விபரமாக எழுதினேன். இது பயனர்களின் குழப்படி இல்லை, இதுதான் நாங்கள் தேடித் திரிகிற முறைப்பாடு. ஒரு ஊரே ஒரு மாதம் பின்னுக்குப் போய் வாழத் தயார், ஆனால் உங்களுடைய சாம்பல் எழுத்தை வாசிக்கத் தயாரில்லை. எழுத்தைக் கறுப்பாக்குங்கள், அவர்கள் தாங்களாகவே இந்த மாதத்துக்கு வந்துவிடுவார்கள்.

"மிக நல்ல அவதானிப்பு. குறித்துக்கொள்கிறேன்."

இரண்டொரு நாளில் சிவப்பு எல்லாம் மறைந்து பக்கம் துப்புரவானது. திகதியைச் சரியாக்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். இப்போது நினைத்தாலும் பல்லு நெருமுகிறது.

பிறகு அந்த நாள். கடல் அலையில்லாமல் தட்டாய்க் கிடந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து கதிரையில் சரிந்திருந்தேன். அக்கா போன் எடுத்தா.

"தம்பி, உந்த மணி வேலை செய்யுதே?"

"ஏன் அக்கா?"

"இவர் பத்து மணிக்கு வாறன் எண்டு போட்டுட்டுப் போனவர். இப்ப வெயில் சாயுது. மணி அடிக்கேல்லை. அடிக்காட்டில் ஆள் வழியிலை எண்டுதானே அருத்தம்? நான் பேசாமல் குழம்புக்குப் புளி கரைச்சுக்கொண்டு இருந்தனான்." 

பக்கத்தைத் திறந்தேன். அனலைதீவு: 'இன்று கடலுக்குச் சென்றவை: எதுவுமில்லை.' இப்படிப்பட்ட கடலில் ஒரு படகும் போகவில்லையா? முந்தின நாளைப் பார்த்தேன். எதுவுமில்லை. அதற்கு முந்தின நாள். எதுவுமில்லை.

 தகவல்கள் வந்து சேரும் கணினிக்குள் போக வேண்டும். என்னுடைய கடவுச்சொல்லை நானே பிழையாகப் போட்டேன். திரும்பவும் பிழை. 'சற்று நேரம் கழித்து முயல்க' என்று அது என்னை வெளியே தள்ளியது. எழும்பி, வீட்டைச் சுற்றி ஓடி, பூவரசமரத்துக்கு ஒரு உதை விட்டு, காலைப் பிடித்துக்கொண்டு நொண்டி வந்து இருந்தேன். ஒருமாதிரி உள்ளே போனேன்.

ஒரே ஒரு வரி. திகதி பழையதாக உள்ள செய்திகளை ஒதுக்கிவிடு. அவ்வளவுதான் நிரல். எழுதியவர் நிர்மலன். பக்கத்தில் குறிப்பு: 'தேவையற்ற இரைச்சல் நீக்கப்பட்டது.' இலை.

இந்த மாற்றம் கைபேசியில் இருக்கும் செயலியில் இல்லை. அதனால் எந்தப் பாணிலும் வரவில்லை. யாருக்கும் சொல்லவில்லை, யாரும் சோதிக்கவில்லை. தன்னார்வலர்களின் கைக்குப் போகாமல் நேரே கடலுக்குப் போன ஒரே மாற்றம் அதுதான்.

ஒதுக்கிய செய்திகளை அழிக்காமல் ஒரு மூலையில் குவித்து வைத்திருந்தது கணினி. அதற்குள் கனகு அண்ணையைத் தேடினேன். விடிய வெளிக்கிட்டது இருந்தது. பத்து மணிக்கு வருவேன் என்றது இருந்தது. அதற்குக் கீழே உதவி. உதவி. உதவி. உதவி. திரையை இறக்க இறக்க உதவி. ஒவ்வொன்றோடும் அவர் நின்ற இடம். அனலைதீவுக்கு மேற்கே, ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் மேற்கே. இந்தியக் கடல் பக்கம் இழுபட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஆக்களைக் கூப்பிடுங்கோ. நான் இடத்தைச் சொல்லுறன், ஆரும் எழுதுங்கோ."

"இருக்கிறாரோ தம்பி?"

"கடைசிச் செய்தி இப்ப கொஞ்சத்துக்கு முதல் வந்திருக்கு அக்கா. கெதியாக் கூப்பிடுங்கோ."

அக்கா கூப்பிட்ட சத்தம் கைபேசி இல்லாமலே இறுப்பிட்டிக்குக் கேட்டிருக்கும். அவவின் தம்பியும் அயலவர்களும் படகுகளை எடுத்தார்கள். நான் ஒவ்வொரு புதுச் செய்தி வரும்போதும் இடத்தை வாசித்தேன். ஒரு கட்டத்தில் செய்தி நின்றுவிட்டது. அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் என்று மனுசியைக் கேட்டால் சொல்லுவா. நான் சொல்ல மாட்டேன். சாமிப்படத்துக்கு முன்னால் பேரம் பேசினதாகக் கேள்வி.

பொழுதுபட முன் கண்டுபிடித்தார்கள். எஞ்சின் செத்து, தண்ணீர்ப் போத்தல் வெறுமையாகி, துவாயைத் தலையில் போட்டபடி படகின் முன்பக்க அணியத்தில் கிடந்திருக்கிறார். செய்தி நின்ற நேரம்தான் கைபேசியும் செத்திருக்கிறது. கதைக்கச் சிக்னல் இல்லை, சின்னச் செய்திகள் மட்டும் நழுவிப் போயிருக்கின்றன. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். போய்ப் பார்த்தேன். உதடு வெடித்திருந்தது.

"ஒவ்வொருக்காலும் அமத்த 'அனுப்பப்பட்டது' எண்டு எழுதினது தம்பி" என்றார். "கறுப்பு எழுத்து. வடிவாய்த் தெரிஞ்சது. அதுதான் வருவினம் எண்டு பாத்துக்கொண்டு கிடந்தனான்."

நான் ஒரு பகிடிக்காரன். எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பேன். அன்றைக்குக் கட்டிலடியில் கிடந்த தண்ணீர்ப் போத்தலை நிரப்பி, அவர் கைக்கு எட்ட வைத்தேன்.

அடுத்த இணையவழிக் கூட்டத்தில் நிர்மலன் வழமையான இறங்கின குரலில் தொடங்கினார். "முறைமை வடிவமைக்கப்பட்டபடியே இயங்கியிருக்கிறது. பயனர்கள் திகதியை மாற்றியதே மூலகாரணம். ஒரு குழுவாக இதிலிருந்து நாம் கற்றுக்கொள்கிறோம்."

"அவை ஏன் மாத்தினவை எண்டு கேளும்!" என்றேன். "எழுத்துத் தெரியேல்லை எண்டு சொன்னவை. நீர் மூடினீர். திரும்பச் சொன்னவை. இலை வைச்சு மூடினீர். சொல்லிப் பாத்துச் சரிவராமல் தங்கடை பாட்டிலை ஒரு வழி பாத்தினம். அதையும் இரைச்சல் எண்டு அள்ளிக் கொட்டினீர். உதவி எண்டு ஒரு மனுசன் கத்தினது உமக்கு இரைச்சலோ? ஒரு வரி, ஒரே ஒரு வரி, அதை எங்களுக்கு ஒரு நாள் தந்திருந்தால் அக்கா விடியவே பிடிச்சிருப்பா!"

இன்னும் பலதும் சொன்னேன். சொல்லக்கூடாததும் சொன்னேன். எதிரே எல்லோரும் அமைதியாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். என் வாதத்தின் பலம் என்று நினைத்து இன்னும் ஏறினேன். குசினியில் இருந்து வந்த மனுசி திரையைப் பார்த்தா.

"இஞ்சேருங்கோ, ஆருக்குக் கத்திறியள்? உங்கடை ஒலியை நிப்பாட்டிக்கிடக்கு எண்டெல்லே எழுதிக்கிடக்குது."

நிர்மலன் முதல் வார்த்தையிலேயே என் ஒலிவாங்கியை அணைத்திருக்கிறார். நான் கத்தியதை எங்கள் நாயும் மனுசியும்தான் கேட்டார்கள்.

அன்றைக்கே ஓய்வு பெற்றேன். வயதைப் பார்த்தால் இன்னும் சில வருடம் இருந்தது. கோபத்தைப் பார்த்தால் இருக்கவில்லை. இப்போது, இந்த அறிவித்தல். கனகு அண்ணையின் சம்பவத்தில் இருந்து அவர்கள் கற்றுக்கொண்டது, சனத்தின் கையில் பாணைக் கொடுக்கக்கூடாது என்பதுதான். பழுது சொல்கிற வாயை மூடினால் பழுது இல்லை. அருமையான பரிசோதனை. நான் இத்தனை வருடம் வேலை செய்தும் இந்த முறை எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

ஆனால் பிள்ளைகளே, ஒன்றை நிர்மலன் மறந்துவிட்டார். மூலநிரல் திறந்தது. யாரும் எடுக்கலாம்.

எடுத்துவிட்டேன். இறுப்பிட்டியில் என் அறையில் ஒரு பழைய கணினி இப்போது இரவில் பாண் சுடுகிறது. எழுத்து கறுப்பு. நேரத்தைக் கைபேசியிடம் கேட்காது, வானத்தில் சுற்றுகிற செய்மதியிடம் கேட்கும். உதவி என்று வருகிற செய்தி எந்த மாதத்தில் இருந்து வந்தாலும், போன நூற்றாண்டில் இருந்தே வந்தாலும், ஒதுக்கப்படாது. அந்த விதியைத்தான் முதலில் எழுதினேன். முறைப்பாட்டைத் தமிழில், வாயால் சொன்னால் போதும்.

முதல் பாண் ஊர்காவற்றுறையில் ஏறி அனலைதீவுக்குப் போனது. கனகு அண்ணை திரும்பவும் கடலுக்குப் போகத் தொடங்கியிருக்கிறார். வேண்டுமென்றே நேரம் பிந்தி வந்து மணியைச் சோதித்திருக்கிறார்கள். இன்று காலை அக்காவின் குரல்பதிவு:

"தம்பி, எழுத்து வடிவாய்த் தெரியுது. எல்லாரும் இந்த மாசத்துக்கு வந்திட்டம். ஆனால் மணிச்சத்தம் காணாது. குசினிக்கை அடுப்படியிலை நிண்டால் கேக்குதில்லை. எனக்கு அங்கை கேக்க வேணும். விளங்குதே? அங்கைதான் கேக்க வேணும்."

விளங்கியது. புதிய முறைப்பாட்டுப் பட்டியலில் முதலாவதாகப் போட்டேன். பழுது: மணி குசினிக்குக் கேட்கவில்லை. சொன்னவர்: ஜெயம் அக்கா. நிலை: திறந்திருக்கிறது.

தனக்குக் கேட்டது என்று அக்கா சொல்லும்வரை அதை ஒருத்தரும் மூட ஏலாது.